ஒத்த வரி சூரர்களுக்கு ஒரு பெரிய கும்பிடு

நம்ம பொட்டி தட்டுற கூட்டத்துல ஒரு வியாதி ரொம்ப நாளா இருக்கு மக்களே. டேட்டாபேஸ்ல இருந்து நாலு வரி எடுத்துத் திரையில காட்டணும்னா, அதை எத்தனை கம்மி வரியில எழுதினோம்ங்கிறதுல ஒரு பெருமை. "நீ எட்டு வரி எழுதியிருக்க, நான் மூணே வரியில முடிச்சுட்டேன்"பான் ஒருத்தன். "மூணா? இந்தா பாரு, ஒத்த வரி"பான் அடுத்தவன். சுத்தி நாலு பேர் கை தட்டுவாங்க. ஆனா அந்த ஒத்த வரி எதைப் பிரிண்ட் பண்ணுச்சு, அதை யாரு படிக்கப் போறாங்க, இதை மட்டும் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.

என் கட்சி ரொம்ப சிம்பிள். சுருக்கம் வேணும்தான். அது தாள்ல வேணும். கோடுல ரெண்டு வரி மிச்சம் பிடிச்சுட்டு, படிக்கிறவங்களுக்கு இருபது நிமிஷ வேலை வைக்கிறதுக்குப் பேரு சுருக்கம்னா, செலவுக் கணக்கை அடுத்தவன் தலையில எழுதுறதுக்குப் பேரு சிக்கனம்னு சொல்லிக்கலாம்.

"ஐயோ டெக்னிகல் பதிவு, நான் எஸ்கேப்பு"ன்னு ஓடிடாதீங்க. கவிதை எழுதுறவங்க, சமையல் பதிவு போடுறவங்க எல்லாரும் இருங்க. ஆபீஸ் சுவத்துல ஒட்டின பட்டியல்ல எப்பவாவது உங்க பேரைத் தேடியிருந்தீங்கன்னா, இது உங்களுக்கும்தான்.

எங்க ஊரை வச்சே ஒரு உதாரணம்

ஊரு ராஜபாளையம், அம்மா பொறந்த ஊரு ஸ்ரீவில்லிபுத்தூர். ரெண்டுக்கும் நடுவுல அடிக்கொரு பஸ். ரயில்ல ஏறினா அடுத்தடுத்த ஸ்டேஷன். ரெண்டுமே சட்டமன்றத் தொகுதி. இப்ப ஒரு தொகுதி அட்டவணை இருக்குன்னு வச்சுக்கங்க. நம்ம ஒத்த வரி சூரர் என்ன எழுதுவாரு? கர்சர்ல இருக்கிற ஒவ்வொரு ரோவையும் அப்படியே பிரிண்ட் பண்ணுன்னு ஒரு வரி. வர்றது இப்படி இருக்கும்:

(202, 'ராஜபாளையம்', 'விருதுநகர்', 'தென்காசி')
(203, 'ஸ்ரீவில்லிபுத்தூர்', 'விருதுநகர்', 'தென்காசி')

பாக்க அழகா இருக்குல்ல? இப்ப ஒரு கேள்வி. இதுல மாவட்டம் எது, மக்களவைத் தொகுதி எது?

எங்க ஊர்க்காரனுக்குத் தெரியும். மாவட்டம் விருதுநகர், எம்.பி. தொகுதி தென்காசி. ஆனா வெளியூர்க்காரர் ஒருத்தர் இதை வாங்கிப் பாத்தா? விருதுநகர்னு மாவட்டமும் இருக்கு, மக்களவைத் தொகுதியும் இருக்கு. தென்காசின்னு மக்களவைத் தொகுதி ரொம்ப காலமா இருக்கு, 2019 நவம்பர்ல இருந்து மாவட்டமும் இருக்கு. ரெண்டு வார்த்தையும் ரெண்டு இடத்துலயும் பொருந்தும். தலைப்பு இல்லாம கொட்டினா, படிக்கிறவரு பாதிக்குப் பாதி தப்பாத்தான் புரிஞ்சுக்குவாரு. அவரு மேல தப்பே கிடையாது.

இதுல கொடுமை என்னன்னா, அந்தத் தலைப்பு கர்சர் கிட்டயே இருக்கு. பைத்தானோட டேட்டாபேஸ் விதிமுறையில (பெப் 249) டிஸ்க்ரிப்ஷன்னு ஒரு சமாச்சாரம் உண்டு. ஒவ்வொரு காலத்துக்கும் 7 விவரம், முதல் விவரமே காலத்தோட பேருதான். எடுத்துப் போட இன்னொரு வரி எழுதணும். அந்த ஒரு வரி எழுதினா ஒத்த வரிப் பட்டம் போயிடுமே, அதான் பிரச்னை!

சரி, நிஜமாவே சுருக்கமா எப்படிப் போடலாம்? ரெண்டு ரோவுலயும் ஒரே மாதிரி வர்றதை மேல தூக்குங்க. மாறுறதை மட்டும் கீழ விடுங்க.

மாவட்டம்: விருதுநகர். மக்களவைத் தொகுதி: தென்காசி (தனி)
202 பொது ராஜபாளையம்
203 தனி ஸ்ரீவில்லிபுத்தூர்
மொத்தம் 2 வரி

அடைப்புக்குறி, மேற்கோள் குறி எதுவும் இல்ல. முன்னதுல இல்லாத விவரம்கூட (தனித் தொகுதியா பொதுவா) சேந்திருக்கு. யாரும் வந்து "இது எந்த மாவட்டம்?"னு கேக்க வேண்டியதும் இல்ல. கோடு ஏழெட்டு வரி ஆகும். ஆகட்டுமே! கோடை ஒரு தடவை எழுதுறோம். தாளை ஆயிரம் பேர் படிக்கிறாங்க.

தமிழ் வந்தா தெரியும் சேதி

இங்கிலீஷ்ல இந்த ஒத்த வரி ஓரளவுக்கு ஓடிடும். தமிழ் உள்ளே வந்ததும் வேஷம் கலைஞ்சுடும்.

பைத்தான் 2 காலத்துல ஒரு ரோவை அப்படியே பிரிண்ட் பண்ணா 'ராஜபாளையம்' வராது. பேக்ஸ்லாஷ், யூ, நாலு இலக்கம், மறுபடி பேக்ஸ்லாஷ், யூன்னு ரயில் மாதிரி போகும். 2008 டிசம்பர்ல பைத்தான் 3 வந்தப்புறம்தான் டப்பிளுக்குள்ள இருக்கிற தமிழ் தமிழாவே தெரிய ஆரம்பிச்சுது. அப்பவும் தேதி இருந்தா 'டேட்டைம் புள்ளி டேட்'னு வாலோட வரும். பணம் இருந்தா 'டெசிமல்'னு தலையில தொப்பி போட்டுக்கிட்டு வரும். இதைக் கொண்டுபோய் ஒரு கணக்கரு கிட்ட நீட்டினா அவரு நம்மளை ஏற இறங்கப் பாப்பாரு.

"ஜேசனா மாத்தி பிரிண்ட் பண்ணு, அதுவும் ஒத்த வரிதான்"னு ஒரு கோஷ்டி உண்டு. பைத்தானோட ஜேசன் டம்ப்ஸ், நாம தனியா சொல்லாத வரைக்கும், தமிழ் எழுத்தை எல்லாம் இன்னைக்கும் அந்த பேக்ஸ்லாஷ் ரயிலாத்தான் மாத்தும். கணக்கு போட்டுப் பாருங்க. 'ஸ்ரீவில்லிபுத்தூர்' யூனிகோடுல 18 குறியீடு. யூடிஎஃப்-8ல ஒண்ணுக்கு 3 பைட், ஆக 54. பேக்ஸ்லாஷ் ரயிலா மாறினா ஒண்ணுக்கு 6, ஆக 108. சுருக்குறேன்னு கிளம்பினவரு சரியா ரெண்டு மடங்கு ஆக்கிட்டாரு, அதுவும் மனுசன் படிக்க முடியாத மாதிரி.

அடுத்தது அகலம். காலம் நேரா நிக்கணும்னு 20 எழுத்துக்கு இடம் விடச் சொல்றோம். கம்ப்யூட்டர் கணக்குல ஸ்ரீவில்லிபுத்தூர் 18, ராஜபாளையம் 10. ஆனா நம்ம கண்ணுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் 8 எழுத்து (ஸ்ரீயை ஒண்ணா எண்ணினா), ராஜபாளையம் 6. புள்ளியும் கொம்பும் காலும் கம்ப்யூட்டருக்குத் தனித்தனி ஆளு. அதனால முதல் ஊருக்கு 2 காலி இடம், ரெண்டாவது ஊருக்கு 10 காலி இடம் போடும். காலம் நம்ம ஊரு மலைப்பாதை மாதிரி வளைஞ்சு நெளிஞ்சு போகும். டெர்மினல் ஒரு அகலம் நினைக்கும், ஃபாண்ட் வேற அகலம் வரையும்.

இதுக்கு ஒரு எளிய வைத்தியம் உண்டு. நம்பரை எல்லாம் முன்னாடி வைங்க, தமிழ்ப் பேரை வரியோட கடைசியில வைங்க. கடைசியா நிக்கிறவனுக்குப் பின்னாடி இடம் விட வேண்டிய அவசியமே இல்ல, அவன் எவ்வளவு குண்டா இருந்தாலும் யாரையும் இடிக்க மாட்டான். மேல நான் போட்ட ரெண்டு வரியை மறுபடி பாருங்க, ஊர்ப் பேரு கடைசியிலதான் இருக்கு.

மூணாவது, வெட்டு. இதுதான் ஆபத்து. இடம் பத்தலைன்னு பேரை முதல் 10 குறியீட்டோட வெட்டுறது. 'முத்துலட்சுமி'யை வெட்டினா 'முத்துலட்ச'. 'முத்துலட்சுமணன்'னு ஒருத்தர் இருந்து அவரையும் வெட்டினா அதே 'முத்துலட்ச'. ஆம்பளையும் பொம்பளையும் ஒண்ணாயாச்சு! 8ல வெட்டினா 'முத்துலட', புள்ளி போச்சு. பைட் கணக்குல 20ல வெட்டினா 'முத்து'ன்னு வந்து பின்னாடி ஒரு கறுப்புக் கட்டத்துல கேள்விக்குறி.

நாலாவது, வரிசை. யூனிகோடு எண்ணை மட்டும் பாத்து ஆர்டர் பை பண்ணா கணபதி, கணேசன், கண்ணன்னு வரும். நாம வாத்தியாரு கிட்ட படிச்ச அகரவரிசைப்படி கண்ணன்தான் முதல்ல, ஏன்னா 'ண்' முதல்ல, அப்புறம்தான் 'ண'. அதே மாதிரி முனியாண்டி முன்னாடி வந்து முருகன் பின்னாடி போவாரு. யூனிகோடுல 'ன'வை 'ந' பக்கத்துல உக்கார வச்சுட்டாங்க. நமக்கு 'ன' மெய்யெழுத்துல கடைசி. போஸ்ட்கிரெஸ் 10ல (2017) இருந்து தமிழுக்குன்னே ஐசியு வரிசைமுறை கிடைக்குது. ஆர்டர் பை பக்கத்துல இன்னும் ஒரு சொல்லு சேக்கணும், அவ்ளோதான். ஆனா பாருங்க, வரி நீளமாயிடுமே!

அஞ்சாவது எங்க ஊருக்கே உரிய வில்லங்கம். 'ஸ்ரீ'யை ரெண்டு விதமா எழுதலாம். யூனிகோடுல 'ஸ' 3000, 'ஶ' 2998. இந்த ரெண்டாவது எழுத்து 2005ல யூனிகோடு 4.1 கூட வந்தது. ரெண்டுல எதை வச்சு 'ஸ்ரீ' போட்டாலும் பல ஃபாண்ட்ல பாக்க அச்சு அசலா ஒண்ணு மாதிரியே இருக்கும். ஆனா தேடினா ஒண்ணு கிடைக்கும், இன்னொண்ணு கிடைக்காது. யூனிகோடு நார்மலைசேஷன் பண்ணாலும் இது ரெண்டும் ஒண்ணாகாது. இது போக திருவில்லிபுத்தூர். ராஜபாளையம், இராஜபாளையம், இராசபாளையம். ஊருவாரியா எண்ணிக்கை எடுத்து ஒத்த வரியில கொட்டினா ரெண்டு ஊரு ஆறு ஊரா வந்து நிக்கும். அதுல ரெண்டு ஊருக்குப் பேரு பாக்க ஒண்ணாவே இருக்கும்! ஊருக்கு ஒரு கோடு எண் வச்சு, எண்ணை வச்சு எண்ணி, பேரை கடைசியில ஒட்டியிருந்தா இந்தக் கூத்து நடந்திருக்காது.

பெரியம்மா பேரு

"இதெல்லாம் சில்லறை விஷயம்பா, யாரு கவலைப்படப் போறா"ங்கிறவங்களுக்கு எங்க பெரியம்மா கதையைச் சொல்றேன்.

ஒரு உதவித்தொகைக்கு மனு போட்டிருந்தாக. ஆபீஸ் பேரு வேண்டாம், விடுங்க. ஆவணம் குறையுறவங்க பட்டியலை சுவத்துல ஒட்டியிருக்கு, பேரு இருக்கிறவங்க இன்ன தேதிக்குள்ள வந்து ஆதார் நகல் குடுக்கணும்னு தகவல். பெரியம்மா பஸ் ஏறிப் போய் பாத்துட்டு வந்தாக. "என் பேரு தெளிவா இல்லப்பா, அந்தப் பேருல நாலு பேரு இருக்காக, எது நானுன்னு தெரியல, அங்க கேட்டா 'பட்டியல்ல இருக்கிறதுதாம்மா'ங்காக"ன்னு சொன்னாக.

நான் ஊருக்குப் போனப்ப அந்தச் சுவத்தைப் போய்ப் பாத்தேன். தேதி முடிஞ்சு ஒன்பது நாளு ஆயிருந்துச்சு. பெரியம்மா பேரை இங்க போட மாட்டேன், மேல சொன்ன முத்துலட்சுமின்னே வச்சுக்கங்க. பேரு வெட்டியிருக்கு. வெட்டின பேரு நாலு தடவை வருது. வீட்டுக்காரர் பேரு இருக்க வேண்டிய இடம் காலி. அது டேட்டாபேஸ்ல நல்லா, இல்ல வெறும் இடமான்னு சாமிக்குத்தான் வெளிச்சம். முகவரி ஒரு வரியில அடங்காம மூணு வரியா மடங்கி, அடுத்த ஆளோட பேருக்கு மேல ஏறி நிக்குது. மனு எண்? அதைக் காணோம். ஆனா டேட்டாபேஸ்ல கடைசியா எப்ப மாத்தினாங்கங்கிற நேரம் மட்டும் செகண்டுக்குக் கீழ ஆறு இலக்கத்தோட இருக்கு! செலக்ட் ஸ்டார் போட்டு, வந்ததை எல்லாம் கொட்டி, தாளுக்கு வெளியே போனதைக் கத்திரிச்சிருக்காங்க. மனு எண் கத்திரியில போயிருச்சு, மைக்ரோசெகண்ட் தப்பிச்சுருச்சு.

பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு நினைச்சுடாதீங்க. தினமும் பேப்பர் படிக்கிற ஆளு. அந்தத் தாளைத்தான் படிக்க முடியல. மறுபடி மனு, மறுபடி அலைச்சல், மூணு மாசப் பணம் போச்சு. "நான் சரியாப் பாக்கலையோ என்னமோப்பா"ன்னு தன்னையே நொந்துக்கிட்டாக பாருங்க, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பாக்கத் தெரியாதது பெரியம்மாவுக்கு இல்ல. அந்த கோடை எழுதினவனுக்கு அவங்களைத் தெரியல. அவன் டெர்மினல்ல ஓடுச்சு, வரி கம்மியா இருந்துச்சு, டிக்கெட்டை மூடிட்டு டீ குடிக்கப் போயிட்டான்.

பெரிய அளவுல இதே கதை

ஒரு ஆபீஸ் சுவரோட இது நிக்கல. வாக்காளர் பட்டியலை எடுத்துக்கங்க. அதுவும் ஒரு டேட்டாபேஸ்ல இருந்து எடுத்து அச்சடிச்ச விடைதானே. பக்கத்துக்கு 30 கட்டம், கட்டத்துல பேரு, அப்பா இல்ல வீட்டுக்காரர் பேரு, வீட்டு எண், வயசு, பாலினம், அட்டை எண். வாக்குச்சாவடியில உக்காந்து கோடு போட்டு அடிக்கிறவருக்கு இது நல்ல வடிவம், அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனா 2018 ஜனவரியில தேர்தல் ஆணையம், இணையத்துல போடுற பட்டியலை எழுத்தாத் தேடுற மாதிரி போடாம, படமா மாத்திப் போடச் சொல்லுச்சு. அட்டை எண்ணை வச்சு ஒரு ஆளைத் தேடலாம். ஆனா முழுப் பட்டியல்ல ஒரு தெருவுல எத்தனை பேரு, ஒரே பேரு ரெண்டு தடவை இருக்கான்னு பாக்கணும்னா படத்தைத்தான் கண்ணால துழாவணும். கமல்நாத் உச்ச நீதிமன்றம் போனாரு. 2018 அக்டோபர் 12ல தள்ளுபடி ஆச்சு. வேணும்னா தானே முயற்சி எடுத்துத் தேடுற வடிவத்துக்கு மாத்திக்கலாம்ங்கிறது தீர்ப்போட சாராம்சம். தனிநபர் தகவல் தப்பான கைக்குப் போகக் கூடாதுங்கிற ஆணையத்தோட வாதத்தை நான் ஒதுக்கித் தள்ளல, அந்தக் கவலை நியாயம்தான். ஆனா கெட்டவன் பத்து கம்ப்யூட்டர் வச்சு படத்துல இருந்து எழுத்தை உரிச்சுடுவான். படத்தால மாட்டிக்கிறது ராஜபாளையத்துல பொட்டிக்கடை வச்சிருக்கிறவரு.

அப்புறம் 2025 ஆகஸ்ட் 14. பீகார்ல வரைவுப் பட்டியல்ல இல்லாம போன சுமார் 65 லட்சம் பேரோட விவரத்தை, ஏன் இல்லைங்கிற காரணத்தோட, அட்டை எண்ணை வச்சுத் தேடுற மாதிரி வெளியிடணும்னு உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டுச்சு. ஆபீஸ் பலகையிலயும் ஒட்டச் சொல்லுச்சு. நம்ம மொழியில சொல்லணும்னா நீதிமன்றம் கேட்டது என்ன? ஒரு வேர் கண்டிஷன், ஒரு காரணக் காலம், ஒரு தேடுற சாவி. ஒரு நல்ல குவெரியை நல்லபடியா பிரிண்ட் பண்ணுங்கப்பான்னு சொல்ல நாட்டோட உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்துச்சு! அதே வருஷம் டிசம்பர் 19ல நம்ம தமிழ்நாட்டுக்கு வரைவுப் பட்டியல் வந்தப்ப 97 லட்சத்துக்கு மேல பேரு அதுல இல்ல. பேரு இருக்கா இல்லையான்னு அன்னைக்கு வீட்டுக்கு வீடு பேசினாங்கல்ல, அவங்க யாருக்கும் அந்தப் பட்டியலை அச்சடிச்ச கோடு எத்தனை வரின்னு கவலை இல்ல.

நல்லாப் பண்ணவங்களும் இருக்காங்க

திட்டிக்கிட்டே இருந்தா எப்படி? ரயில் பெட்டி வாசல்ல ஒட்டுற ரிசர்வேஷன் சார்ட் ஞாபகம் இருக்கா? 2018 மார்ச்சுல பெரிய ஸ்டேஷன்கள்ல ஒட்டுறதை நிறுத்தினாங்களே, அது. பொதிகை எக்ஸ்பிரஸ்ல ஏற ராத்திரி பெட்டியும் படுக்கையுமா நின்னவங்களுக்குத் தெரியும். டாட் மேட்ரிக்ஸ் அச்சு, மங்கின மை, கீழ மங்கலா ஒரு டியூப்லைட். இருந்தாலும் அரை நிமிஷத்துல பேரைக் கண்டுபிடிச்சுடலாம்.

ஏன் முடிஞ்சுது? ஒரு ஆளுக்கு ஒரு வரி. பெர்த் எண் வரிசையில அடுக்கினது. அந்தப் பெட்டிக்கு உண்டானது மட்டும் அந்தப் பெட்டியில. ஊருக்கு மூணு நாலு எழுத்துல குறியீடு: ராஜபாளையத்துக்கு ஆர்ஜேபிஎம், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எஸ்விபிஆர். இராசபாளையமா ராஜபாளையமான்னு சண்டையே கிடையாது. எழுதினவருக்கு, இதை யாரு, எந்த வெளிச்சத்துல, எவ்வளவு அவசரத்துல படிப்பாங்கன்னு தெரிஞ்சிருக்கு. சுருக்கம்னா இதுதான் சாமிகளா.

எதிர்க்கட்சி வரிசையில இருந்து

"அட, அது டீபக் பண்ண போட்ட வரிப்பா"ன்னு சொல்வீங்க. உங்க டெர்மினல்ல, உங்க கண்ணுக்கு மட்டும்னா என்ன வேணா பண்ணுங்க. மைஎஸ்கியூஎல்ல பேக்ஸ்லாஷ் ஜி, போஸ்ட்கிரெஸ்ல பேக்ஸ்லாஷ் எக்ஸ் போட்டா கோடே இல்லாம ஒவ்வொரு காலமும் தனி வரியில வந்து நிக்கும். ஆனா ஆபீஸ்ல ஆணி புடுங்குற எல்லாருக்கும் ஒண்ணு தெரியும். டெம்பரரின்னு போட்ட கோடு மாதிரி நிரந்தரமான கோடு உலகத்துலயே கிடையாது. டீபக் வரி ரிப்போர்ட் ஆகும், ரிப்போர்ட் பிடிஎஃப் ஆகும், பிடிஎஃப் சுவத்துக்குப் போகும்.

"பாண்டாஸ் இருக்கு, அது அழகாப் போடும்"னு சொல்வீங்க. போடும். ஆனா 60 வரிக்கு மேல போனா, நீங்க மாத்தாத வரைக்கும், முதல் 5 வரியும் கடைசி 5 வரியும் காட்டிட்டு நடுவுல மூணு புள்ளி வச்சுடும். ஆராய்ச்சி பண்றவனுக்கு அது வசதி. அதையே வெட்டி ஒட்டி ரிப்போர்ட்ல போட்டா, நடுவுல இருந்த ஆளுங்க எல்லாம் புள்ளி ஆயிட்டாங்க.

"கோடு சின்னதா இருந்தா தப்பு கம்மி"ன்னு சொல்வீங்க. இது மட்டும் கொஞ்சம் கனமான வாதம், ஒத்துக்கறேன். அப்ப குவெரியில சுருக்குங்க. வேண்டாத காலத்தை செலக்ட்லயே தூக்குங்க. வேண்டாத ரோவை வேர்ல கழிங்க. எண்ணிக்கைதான் வேணும்னா குரூப் பை பண்ணி எண்ணிக்கையை மட்டும் கேளுங்க. பத்து லட்சம் ரோவை ஃபெட்ச்ஆல் பண்ணி மெமரியில கொட்டி, அதுல பத்தை மட்டும் ஒத்த வரியில காட்டுறது மாவரைக்க மொத்த அரிசிக் கடையையும் வீட்டுக்குத் தூக்கிட்டு வர்ற கதை.

சட்டமா எழுதி மாட்டிக்கங்க

1. செலக்ட் ஸ்டார் போட்டு பிரிண்ட் பண்ணாதீங்க. படிக்கிறவருக்கு எது வேணுமோ அந்தக் காலம் மட்டும்.
2. தலைப்பு கட்டாயம். கீழ மொத்தம் எத்தனை வரின்னும் போடுங்க. கடைசிப் பக்கம் கிழிஞ்சு போனா அப்பதான் தெரியும்.
3. எல்லா ரோவுலயும் ஒரே மாதிரி இருக்கிற காலம் தலைப்புக்குப் போகட்டும்.
4. நல்லுக்கும் வெறுமைக்கும் வித்தியாசம் காட்டுங்க. போஸ்ட்கிரெஸ் கட்டளைத் திரை, நாம சொல்லாத வரைக்கும், ரெண்டையும் வெத்து இடமாத்தான் காட்டும். 'தகவல் இல்லை'ன்னு போட ஒரு அமைப்பு போதும்.
5. ஒரு ஆளுக்கு ஒரு வரி. அடங்கலைன்னா முகவரியை விடுங்க, பேரை வெட்டாதீங்க. அடையாள எண்ணை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீங்க.
6. நம்பர் முன்னாடி, தமிழ் கடைசியில.
7. தமிழ்ப் பட்டியல்னா தமிழ் அகரவரிசை.
8. ஓட்டிப் பாத்ததும் ஒரு தாள் அச்சடிச்சு, கம்ப்யூட்டர் தெரியாத ஒருத்தர் கிட்ட குடுத்து "இதுல உங்க பேரைத் தேடுங்க"ன்னு சொல்லுங்க. அவங்க நெத்தி சுருங்குச்சுன்னா கோடு தப்பு.

இந்த எட்டும் சேத்து கோடுல இருபது வரி கூடுமா? முப்பது? மதியம் சாப்பிட்டுட்டு வந்து எழுதினா டீ டைமுக்குள்ள முடிஞ்சுடும். எதிர்ப்பக்கம் பஸ் சார்ஜ், ஒரு நாள் கூலி, மூணு மாசப் பணம். எது சுருக்கம்னு நீங்களே கணக்கு போட்டுக்கங்க.

ஒத்த வரியில எழுதுறது ஒரு விளையாட்டு. கோடு கோல்ஃப்னு பேரே வச்சிருக்காங்க. ஞாயித்துக்கிழமை விளையாடுங்க, நானும் வர்றேன். திங்கக்கிழமை ஆபீஸ்ல, இன்னொருத்தர் பேரை அச்சடிக்கிற வேலை வந்தா, கோல்ஃப் மட்டையை வெளியே வச்சுட்டு வாங்க.

டிஸ்கி 1: பைத்தான் ஆளுங்களை மட்டும் குத்துறேன்னு நினைக்காதீங்க. பிஎச்பி, ரூபி, பெர்ல் எல்லாத்துக்கும் இதே பாட்டுதான். பிஎச்பியிலயும் ஜேசன் என்கோடு தமிழை பேக்ஸ்லாஷ் ரயிலாத்தான் ஆக்கும், 2012ல வந்த 5.4ல இருந்து தனியா சொன்னா விட்டுடும்.

டிஸ்கி 2: "நான் இந்த எட்டையும் ஒரே வரியில எழுதிட்டேன்"னு பின்னூட்டத்துல யாராவது வந்தா, ஆட்டோவுல பெரியம்மாவை ஏத்தி அனுப்பி வைப்பேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கொண்டு வருவாக, ஆனா அந்தத் தாளையும் கொண்டு வருவாக.